பெருங்குடல் புற்றுநோய் ரிப்போர்ட்டில் 'இல்லை' என்றிருந்தால்: மரபணு முடிவுகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்தப்பாவின் பெருங்குடல் கட்டிக்கான பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று, வீட்டில் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தோம். நான்கு புரதங்களின் பெயர்கள். எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 இரண்டும் 'இருக்கிறது'. எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2 இரண்டும் 'இல்லை'. ரத்தப் பரிசோதனையில் 'கிருமி இல்லை' என்று வந்தால் நல்லதுதானே? அந்தப் பழக்கத்தில் பாதி பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிட்டோம். விஷயம் நேர் எதிர். இந்த நான்கும் இருக்க வேண்டிய புரதங்கள்.

செல் பிரியும்போது டிஎன்ஏவை நகல் எடுக்கிறது. அதில் எழுத்துப்பிழைகள் விழும். அவற்றைத் தேடித் திருத்துவது இந்த நால்வரின் வேலை. எம்எல்ஹெச்1 போய்விட்டால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிஎம்எஸ்2-ம் சிதைந்துவிடும். அதனால்தான் இரண்டும் சேர்ந்தே காணாமல் போகின்றன. சாயம் ஏற்றிய ஸ்லைடில் கட்டி செல்களின் உட்கருக்கள் வெளிர்நீலமாகத் தெரியும். பக்கத்திலேயே இருக்கும் சாதாரண வெள்ளணுக்களின் உட்கரு பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்பு இருந்தால்தான் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறது, கட்டியில்தான் புரதம் இல்லை என்று நம்பலாம். திருத்துபவர் இல்லாத செல்லில் பிழைகள் குவியும். இதைத்தான் எம்எஸ்ஐ-ஹை என்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதம் இந்த வகை. நான்காம் நிலைக்கு வந்தவர்களில் 5 சதவீதம் அளவுதான்.

அடுத்த தவறு, 'மரபணு' என்ற சொல்லைப் பார்த்ததும் 'பரம்பரை நோய்' என்று முடிவு கட்டுவது. கட்டியில் தெரியும் மாற்றங்களில் பெரும்பாலானவை பிறந்த பிறகு குடல் செல்லில் நேர்ந்தவை. அவை பிள்ளைகளுக்குப் போகாது. எம்எல்ஹெச்1 இல்லாமல் போனதிலும் பெரும்பங்கு அப்படித்தான்: வயதானவர்களில் அந்த மரபணுவின் மேல் மெத்தில் என்ற வேதிக் குறி ஏறி, அது வாயடைத்துப் போகிறது. கட்டியில் பிராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருந்தால், இந்த வகை என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அது இல்லை, மெத்தில் குறியும் இல்லை என்றால்தான் திருத்தும் மரபணு பிறவியிலேயே பழுதாக வரும் லிஞ்ச் நோய்க்குறியைச் சந்தேகித்து ரத்தத்தில் சோதிக்கிறார்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 'எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே' என்பதை வைத்துப் பரம்பரை இல்லை என்று சொல்லிவிட முடியாது. குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) வரும் எஃப்ஏபி என்ற பரம்பரை நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது அவரிடமே புதிதாகத் தொடங்கியது.

சரி, கட்டி வளர்வது எதனால்? 'எந்த ஒரு மரபணு?' என்று கேட்பதே வழிதவறச் செய்யும். குடலின் உட்சுவரில் சிறு குழிகள் இருக்கின்றன. குழியின் அடியில் பிறக்கும் செல் மேலேறி, நாலைந்து நாளில் உதிர்ந்துவிடும். அடியில் இருக்கும்வரை 'பிரி' என்று சொல்லும் சமிக்ஞையை, மேலேறும்போது ஏபிசி என்ற புரதம் நிறுத்துகிறது. அந்தச் சமிக்ஞையைக் கொண்டுபோகும் பீட்டா கேட்டனின் என்ற புரதத்தை அழிக்கும் கூட்டத்தில் ஏபிசிக்குப் பங்கு உண்டு. ஏபிசி பழுதானால் பீட்டா கேட்டனின் தேங்கும், செல் பிரிந்துகொண்டே இருக்கும், பாலிப் முளைக்கும். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களில் ஏபிசி பழுதாகியிருக்கிறது. ஆனால் அது மட்டும் புற்றுநோய் அல்ல. கேராஸ், டிபி53 என்று வேறு மரபணுக்களிலும் பழுதுகள் சேரச் சேரத்தான் பாலிப் புற்றாகிறது. அதற்குப் பல வருடங்கள் ஆகும். கொலோனோஸ்கோபியில் பாலிப்பை எடுத்துவிட்டால் புற்றைத் தடுக்க முடிவது இதனால்தான். 1990-ல் ஃபியரன், வோகல்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இந்தப் படிகளை வரைந்தார்கள். அதை ரயில் அட்டவணை மாதிரி வரிசை மாறாதது என்று பலர் படிக்கிறார்கள். வரிசையைவிட மொத்தமாக எத்தனை பழுது சேர்ந்தது என்பதே முக்கியம் என்று அவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டின் கேராஸ் வரியில் 'இல்லை' என்பதன் அர்த்தம் தலைகீழாகிறது. கேராஸ், செல்லை 'பிரி' என்று சொல்லும் ஒரு சுவிட்ச். ஜி12டி என்றால் 12-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். சுவிட்ச் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பெருங்குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 40 சதவீதம் பேருக்கு கேராஸ் மாற்றம் இருக்கிறது. செடுக்சிமாப் மருந்து செல்லின் வெளியே இருக்கும் இஜிஎஃப்ஆர் என்ற அழைப்பு மணியை மூடுவது. உள்ளே சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால் மணியை மூடி என்ன பயன்? இங்கே 'மாற்றம் இல்லை' என்பதுதான் அந்த மருந்துக்கு வழி திறக்கும். ஆனால் கேராஸின் ஒரு பகுதியை மட்டும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று நிறுத்தக்கூடாது. அதன் மற்றப் பகுதிகளையும், என்ராஸ் என்ற அதன் உறவு மரபணுவையும் பார்த்தாக வேண்டும். கட்டி குடலின் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் கேளுங்கள். இடப்பக்கக் கட்டிகளில்தான் இந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது.

'அதே மாற்றம், அதே மருந்து' என்பதும் நியாயமாகத் தோன்றும் ஒரு தவறு. பிராஃப் வி600இ உள்ள மெலனோமா என்ற தோல் புற்றில் பிராஃபை அடைக்கும் வெமுராஃபெனிப் என்ற மருந்து பாதிப் பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. பெருங்குடலில் தனியாகக் கொடுத்தபோது ஏறக்குறைய பலனே இல்லை. பிராஃபை அடைத்தவுடன் குடல் செல் இஜிஎஃப்ஆர் வழியை மறுபடி திறந்துகொள்கிறது என்று 2012-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால்தான் இன்று பிராஃபை அடைக்கும் என்கொராஃபெனிப், இஜிஎஃப்ஆரை மூடும் செடுக்சிமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கிடைத்தது.

2022-ல் வாட்ஸ்அப்பில் 'புற்றுநோய்க்கு மருந்து வந்தாச்சு, எல்லோருக்கும் குணம்' என்று சுற்றியது நினைவிருக்கலாம். நியூயார்க்கில் டோஸ்டர்லிமாப் என்ற மருந்தை எடுத்து முடித்த 12 பேருக்கும் மலக்குடல் கட்டி மறைந்தது உண்மைதான். ஆனால் அந்த 12 பேரும் திருத்தும் புரதம் இழந்த வகை. பிழைகள் குவிந்த செல் விசித்திரமான புரதங்களைச் செய்யும், அவற்றை நம் வெள்ளணுக்கள் அடையாளம் காணும். அந்த வெள்ளணுக்களைக் கட்டிப்போட்டிருக்கும் தளையை இந்த மருந்து அவிழ்க்கிறது. மற்ற 85 சதவீதத்தில் இந்த வகை மருந்து தனியாகப் பெரிதாக உதவுவதில்லை. திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்ற அந்த ஒரு வரியைச் சோதிக்காமல் நகையை விற்று ஊசி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை. சோதித்தால் பலன் கிடைத்திருக்கக்கூடியவர்கள் சோதிக்காமலே கீமோவில் இறங்குவதும் அதே அளவு வேதனை.

சித்தப்பாவின் கட்டியில் பிராஃப் மாற்றம் இல்லை, மெத்தில் குறியும் இல்லை. ரத்தத்தில் லிஞ்ச் உறுதியானது. அப்புறம் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் சோதித்தோம். பையனுக்கு இல்லை. பெண்ணுக்கு இருக்கிறது, வயது 31. முதல் கொலோனோஸ்கோபியிலேயே இரண்டு பாலிப்களை எடுத்தார்கள்.