பங்குனியில் ஏரிக்கரையில் பறவை பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏரிக்குப் போய் "ஒன்றுமே இல்லையே" என்று திரும்புகிறவர்களில் பாதிப்பேர் கரையின் உச்சியில் நடந்தவர்கள். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து ஏரிகளின் கரை வயலை விட உயரமாக எழுந்து நிற்கும். அதன்மேல் நடக்கும் ஆளின் உருவம் வானத்தின் எதிரே கறுப்பாகத் தெரியும். நீங்கள் பைனாகுலரை எடுக்கும் முன்பே புள்ளிமூக்கு வாத்துகள் கிளம்பிவிடும். ஒரு ஆள்காட்டிப் பறவை கத்தினால் போதும், உள்ளான், நாரை எல்லாம் எதிர்க்கரைக்குப் போய்விடும்.

கரையின் வயல் பக்கச் சரிவில், தண்ணீருக்குத் தெரியாமல் நடந்து வாருங்கள். ஒரு வேலமரமோ பனையோ புதரோ உள்ள இடத்தில் குனிந்து கடந்து, நீர்ப்பக்கச் சரிவில் மரத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காருங்கள். பங்குனியில் சூரியன் ஆறுக்கும் ஆறேகாலுக்கும் இடையில் உதிக்கும். ஐந்தே முக்காலுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு முக்கால் மணி நேரம் எழக்கூடாது. இந்த முக்கால் மணியைப் பொறுக்காமல் "அந்தப் பக்கம் போய்ப் பார்ப்போம்" என்று கிளம்புவதுதான் அடுத்த தவறு. விலகிப்போன பறவைகள் மெல்லத் திரும்பி மேயத் தொடங்கும் நேரத்தில்தான் பலரும் எழுகிறார்கள். மாடு ஓட்டிப் போகிறவரைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லையே என்று கேட்கலாம். அவர் தினமும் ஒரே வழியில், நிற்காமல், பறவையைப் பார்க்காமல் போகிறவர். நின்று கை நீட்டிக் காட்டுகிறவரைத்தான் அவை அஞ்சுகின்றன. வெள்ளைச் சட்டை வேண்டாம். காக்கி, மண் நிறம், மங்கிய பச்சை போதும்.

இப்பகுதியில் நிலம் கிழக்கே சரிவதால், கரை பெரும்பாலும் ஏரியின் கிழக்குப் பக்கம் இருக்கும். காலையில் கரையிலிருந்து மேற்கே பார்த்தால் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் உட்கார்ந்தால் எல்லாம் நிழலுருவம்தான். அப்போது மேற்கே, நீர்ப்பிடிப்புப் பக்கம் போக வேண்டும். அங்கேதான் அடுத்த ஆபத்து இருக்கிறது, உங்களுக்கல்ல, பறவைக்கு.

தண்ணீர் வற்றி வெளிப்பட்ட தரையில் இந்த மாதங்களில் சிவப்புமூக்கு ஆள்காட்டியும் பட்டாணி உப்புக்கொத்தியும் முட்டையிடும். கூடு என்று எதுவும் இருக்காது. வெறும் மண்ணில் ஒரு சிறு குழி, அதில் பொதுவாக நான்கு முட்டை, மண்ணோடு மண்ணாக, கரும்புள்ளிகளோடு. மிதித்த பிறகுதான் தெரியும். உப்புக்கொத்தி ஒரு சிறகை இழுத்துக்கொண்டு நொண்டினால் அடிபட்டுவிட்டது என்று எண்ணி அதைப் பிடிக்கப் போகாதீர்கள். முட்டையிடமிருந்து உங்களை விலக்கிக் கொண்டுபோக அது அப்படி நடிக்கிறது. ஆள்காட்டி தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கத்தினால் கூட்டுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். நின்று தேடாமல், வந்த காலடித் தடத்திலேயே கால் வைத்துத் திரும்புங்கள்.

மிதிபடாவிட்டாலும் முட்டை கெடும். வெயில் ஏறியபின் தாய்ப்பறவை முட்டைக்கு நிழலாக நிற்கும். ஆள்காட்டி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிரவைக்கும். படமெடுக்க ஒருவர் பக்கத்தில் படுத்துக் கிடந்தால் அது வர முடியாது. சுடுமண்ணில் கருவுக்கு அதிக நேரம் தாங்காது. கூடு இருக்குமிடத்துக்கு அடையாளமாகக் குச்சி நடுவதும் வேண்டாம், காகம் பார்த்துக்கொண்டிருக்கும். பறவை பார்க்கும் நாட்களில் பண்ணை நாயைக் கட்டி வையுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் குலைப்பது குற்றம்.

பைனாகுலரில் உருப்பெருக்கம் கூடினால் நல்லது என்று 12, 16 வாங்குவது வீண்செலவு. கை நடுக்கமும் அதே மடங்கு பெருகும். 8x42, அதாவது எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 42 மி.மீ. முன்வில்லையும் உள்ளது போதும். வாங்கியதும் ஒருமுறை சரிசெய்ய வேண்டும்: வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள், பிறகு இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்வில்லையின் வளையத்தைத் திருப்புங்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்குத் தலைவலி வருகிறது. கண்ணாடி அணிபவர்கள் கண்வில்லையின் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் கானல் அலையும். அப்போது எந்தக் கருவியும் உதவாது. நிழலில் ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மூன்றரைக்குப் பிறகு திரும்ப வாருங்கள்.

பறவையை இனங்காண்பதில் நிறத்தை நம்புவது இந்தப் பருவத்தில் மிக எளிதாகச் செய்யும் பிழை. இனப்பெருக்க காலம் நெருங்க நெருங்க நிறங்கள் மாறும். மண் நிற மடையான் கொக்கின் முதுகு கருஞ்சிவப்பாகும். உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகும். மீசை ஆலா என்ற நீர்ப்பறவையின் வயிறு கறுக்கும். பெரிய வெண்கொக்குக்கு மஞ்சள் அலகு என்று மனப்பாடம் செய்தவர்கள், அது கறுத்ததும் வேறு இனம் என்று எழுதிவிடுவார்கள். வாய்ப்பிளவைப் பாருங்கள்: பெரிய வெண்கொக்குக்கு அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே போகும், நடுத்தர வெண்கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே முடியும். சின்ன வெண்கொக்குக்குக் கறுப்புக் காலில் மஞ்சள் பாதம்.

வற்றிய ஏரியை ஒதுக்குவதும் தவறு. சித்திரை பிறக்கும்போது வலசை வாத்துகளில் பெரும்பாலானவை போயிருக்கும். ஆனால் சுருங்கிய குட்டையில் மீனும் நத்தையும் நெருங்கிக் கிடப்பதால் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அங்கேதான் கூடும். வேடந்தாங்கல், கரிக்கிலி சரணாலயங்களுக்கு வரும் பறவைகள் இரைதேடுவது சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும்தான். உங்கள் நிலத்தை ஒட்டிய சிறு ஏரியும் அவற்றுக்கு உணவு தரும் இடம்.

அதனால் நில உரிமையாளர்கள், விருந்தினர் வருகிறார்கள் என்று கரையோரக் கோரையையும் சம்பையும் வெட்டிச் "சுத்தம்" செய்யாதீர்கள். தாழைக்கோழியும் கதிர்க்குருவியும் அதற்குள்தான் இருக்கின்றன. பார்க்க இடம் வேண்டுமானால் இரண்டு மூன்று அடி அகலத்தில் ஒரு திறப்பு போதும். அறுந்த நைலான் வலை, தூண்டில் நரம்பு கிடந்தால் அதை மட்டும் பொறுக்கி எடுங்கள். பறவையின் காலில் சிக்குவது அதுதான். தண்ணீரைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது வேண்டவே வேண்டாம். போட்டிப் பறவை வந்துவிட்டது என்று தன் எல்லையைக் காக்க அது இரையையும் கூட்டையும் விட்டு அலையும்.

சேற்றை யாரும் மிதிக்கும் முன், விடிந்ததும் ஒருமுறை ஓரத்தைப் பாருங்கள். இரவில் வந்த கீரி, நரியின் தடமும், நடுவில் வால் இழுத்த கோடோடு உடும்பின் தடமும் அதில் இருக்கும். அந்தி சாய்ந்தபின் வரப்பில் செருப்போடு நடக்காதீர்கள். கணுக்காலை மூடும் காலணியும் டார்ச்சும் கட்டாயம். கண்ணாடி விரியன் அசையாமல் கிடக்கும். கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பறவைக் கணக்கைப் பதிவுசெய்யும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவிடுபவர்கள் பல நாள் பார்த்ததை ஒரே பட்டியலாக்க வேண்டாம். ஒவ்வொரு அமர்வுக்கும் தனிப்பட்டியல், தொடங்கிய நேரம், எண்ணிக்கை எல்லாம் வேண்டும். பெருங்கூட்டமானால் பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அதைப்போல் எத்தனை என்று கணக்கிடுங்கள். கூடு இருக்கும் இடத்தையும் முட்டையின் படத்தையும் எங்கும் வெளியிடாதீர்கள். அடுத்த சனிக்கிழமை அங்கே பத்து கேமரா நிற்கும்.