பைத்தான் சுலபம் என்று தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்த கையோடு கணினி நிரலாக்கம் கற்க வரும் பிள்ளைகளுக்குப் பட்டர்வொர்த்தில் வார இறுதி வகுப்பு எடுத்து வருகிறேன். எதற்காகப் பைத்தான் என்று முதல் நாளில் கேட்டால், "அதுதான் சுலபம் சார்" என்ற பதிலே பெரும்பாலும் வரும். அந்தப் பதிலில் பாதி உண்மை. கைடோ வான் ராசம் 1989ஆம் ஆண்டு இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் இம்மொழியை எழுதத் தொடங்கி, 1991இல் வெளியிட்டார். அதற்கு முன் அவர் பணியாற்றிய ஏ.பி.சி. என்ற மொழி, நிரலாளர் அல்லாதவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே உருவானது. வரிகளை உள்தள்ளி எழுதும் முறையும் வாசிக்க இதமாக இருக்கும் தன்மையும் அங்கிருந்து வந்த சீதனம். ஆனால் வாசிக்கச் சுலபமாக இருப்பது வேறு, பிழையின்றி எழுதச் சுலபமாக இருப்பது வேறு. சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் நல்லதென்றே சொல்வேன். நிரல் முணுமுணுக்காமல் ஓடித் தப்பான விடையைத் தரும்போதுதான் தொடக்கநிலையாளர் மாட்டிக்கொள்கிறார்.

அதற்கு முன்பே நேர்கிற தவறு ஒன்று உண்டு. தன் கையில் என்ன வேலை இருக்கிறது என்று பாராமல், எல்லாரும் கற்கிறார்கள் என்பதற்காகப் பைத்தானைத் தேர்ந்தெடுப்பது அது. கைப்பேசிச் செயலி செய்யும் ஆசை இருந்தால் ஆண்ட்ராய்டுக்குக் கோட்லினும் ஐபோனுக்கு ஸ்விஃப்டும்தான் நேர்வழி. உலாவியில் இயங்கும் பக்கங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் முடியாது. மாறாக, கணக்குப் பார்ப்பது, நூற்றுக்கணக்கான கோப்புகளைச் சலித்து ஒழுங்குபடுத்துவது, தரவுகளை ஆராய்வது போன்ற வேலைகளுக்குப் பைத்தானைப் போல விரைவில் கைகொடுக்கும் மொழி குறைவு. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் என் பழைய மாணவர்கள், சோதனைக் கருவிகள் கொட்டித் தரும் அளவீடுகளைப் பிரித்துப் பார்க்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பழைய பாடங்களைப் பின்பற்றுவது அடுத்த தவறு. 2008இல் வெளிவந்த பைத்தான் 3, முந்தைய வரிசையோடு முழுமையாக ஒத்துப்போகாது. பைத்தான் 2-க்கான ஆதரவும் 2020 சனவரி முதல் நாளோடு முடிந்துவிட்டது. பழைய பாடத்தில் 7 / 2 என்பதற்கு விடை 3, இன்றைக்கு 3.5. அண்ணன் விட்டுச் சென்ற குறிப்பேட்டை வைத்துக்கொண்டு படிப்பவர்கள் இதில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள்.

இனி ஓசையில்லாத பிழைகளுக்கு வருகிறேன். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு வந்த நன்கொடையைக் கூட்டுவதற்கு ஒரு மாணவர் நிரல் எழுதினார். முதல் நன்கொடை 50 ரிங்கிட், இரண்டாவது 20. கூட்டுத்தொகையாகத் திரையில் 5020 என்று வந்ததும், வகுப்பே சிரித்தது. விசைப்பலகையில் தட்டியதை வாங்கித் தரும் 'இன்புட்' கட்டளை, எண்ணைத் தட்டினாலும் எழுத்துச் சரமாகவே தருகிறது. இரண்டு சரங்களைக் கூட்டினால் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். 'இன்ட்' கொண்டு முழுஎண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். இந்தத் தவறாவது கண்ணுக்குத் தெரிந்தது.

காசுக் கணக்கில் வரும் தவறு அப்படித் தெரியாது. 0.1 + 0.2 என்று கேட்டால் பைத்தான் 0.30000000000000004 என்கிறது. கணினி 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள் கொண்ட இருமத்தில் எண்ணுவதால், நமக்கு முழுமையாகத் தெரியும் 0.1 அதற்கு முடிவில்லாத பின்னம். எங்கோ வெட்டித்தான் வைத்துக்கொள்கிறது. இது பைத்தானுக்கு மட்டும் உரிய குறை அன்று, பெரும்பாலான மொழிகளில் உள்ளதே. 2.675ஐ இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கச் சொன்னால், 2.68க்குப் பதில் 2.67 கிடைப்பதும் இதனால்தான். நம் நாட்டில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகச் செலுத்தும் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்குகிறார்கள் என்பதால், தசமத்தில் எழுதிய கடைக்கணக்கு ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் உதைக்கும். தொகையை ரிங்கிட்டில் வைக்காமல் சென்னில், முழுஎண்ணாக வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை. 12 ரிங்கிட் 43 சென் என்பது 1243. (1243 + 2) // 5 * 5 என்று எழுதினால் 1245 வரும் ('//' என்பது மீதியை விட்டுவிட்டு வகுப்பது). 1242ஐக் கொடுத்தால் 1240.

பட்டியல்களில் உள்ள பொறி இன்னும் நுட்பமானது. பைத்தான் 3-இல், மதிப்புகளைக் குறிக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பந்தலின் முதல் நாள் தொண்டர் பட்டியல் நாள்1 என்றிருக்க, நாள்2 = நாள்1 என்று எழுதிவிட்டு, நாள்2-இல் ஒரு பெயரை நீக்கினால், நாள்1-இலும் அந்தப் பெயர் காணாமற்போகும். அந்த வரி இன்னொரு பட்டியலை உருவாக்கவில்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டாவது பெயரைச் சூட்டியிருக்கிறது. தனிப்படி வேண்டுமென்றால் நாள்2 = நாள்1[:] என்று எழுத வேண்டும்.

பயிற்சிக் கோப்புக்கு 'ரேண்டம்' என்று பெயரிடுவதும் கூடாது. அதே பெயரிலுள்ள பைத்தானின் சொந்த நிரல்தொகுதிக்குப் பதிலாக உங்கள் கோப்பே அழைக்கப்பட்டு, காரணம் புரியாத பிழை வரும்.

தமிழில் நிரல் எழுத முனைவோருக்கு மட்டும் வருகிற ஒரு தவறு எனக்கு மிகவும் பிடித்தது. திருப்பிப் படித்தாலும் மாறாத சொல்லைக் கண்டுபிடிக்கும் பயிற்சி ஏறத்தாழ எல்லா வகுப்பிலும் உண்டு. சொல்லின் பின்னால் [::-1] சேர்த்தால் அது தலைகீழாகிவிடும். ஆங்கிலச் சொற்களுக்குச் சரியாக வேலை செய்த நிரலில் "விகடகவி"யைக் கொடுத்த மாணவிக்கு 'இல்லை' என்று விடை வந்தது. பைத்தான் எண்ணுவது நாம் காணும் எழுத்துகளை அன்று, உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோட் முறையின் குறியீடுகளை. 'வி' என்பது அதற்கு வகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. ஆகவே நமக்கு ஐந்தெழுத்தாக இருக்கும் சொல் அதற்கு ஏழாகிறது, திருப்பியதும் இகரக் குறி பிடிமானமின்றி முன்னால் வந்து நிற்கிறது. ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பால் சொல்லை முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பட்டியலாக்கி, அந்தப் பட்டியலைத் திருப்பச் சொன்னேன். வி, க, ட, க, வி என்று இரு பக்கமும் ஒன்றாகவே வந்தது.