போகிற வான் சரி, திரும்புகிற வான்?

மார்கழி விடுமுறையும் மார்ச் பள்ளி விடுமுறையும் நெருங்க, ரொறன்ரோவில் நம் சனம் புன்டா கானா, கன்கூன், மொண்டீகோ பே என்று கரீபியன் பக்கம் புறப்பட ஆயத்தமாகிவிடும். இப்போது கல்யாணங்களையே அங்கே கடற்கரையில் வைக்கிறார்கள். விமானச் சீட்டுக்கும் அறைக்கும் வாரக்கணக்கில் விலை ஒப்பிடுபவர்கள், விமான நிலையத்திலிருந்து ரிசோர்ட்டுக்குப் போகும் தனி வான் வண்டியை மட்டும் கடைசி இரவில், பெட்டி அடுக்கிக்கொண்டே, ஒரு கையால் பதிவு செய்வார்கள். குடும்பங்களுக்கும் கல்யாணக் கூட்டங்களுக்கும் இந்த ஏற்பாடுகளைச் செய்து கொடுப்பது என் தொழில். முதல் முறை போகிறவர்கள் விடும் பிழைகள் எனக்கு மனப்பாடம். அவற்றில் சில என்னுடைய பழைய பிழைகளும்தான். கடவுச்சீட்டை மறக்காதீர்கள், முன்பணத்தை விசாரித்துக் கட்டுங்கள் என்ற புத்திமதியெல்லாம் இங்கே இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

ஏற்கெனவே காசு கட்டிய பேருந்து

கனடாவிலிருந்து விமானம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து வாங்கும் பாக்கேஜ்களில் பெரும்பாலும் விமான நிலையத்துப் பேருந்தும் சேர்ந்தே வரும். ரசீதின் கீழே ஒரு வரியில் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. அதற்கு மேலே தனி வானுக்கும் காசு கட்டிவிட்டு, அங்கே போய் இறங்கினால் ஒரு பக்கம் பேருந்துக்காரர் பெயர் கூப்பிடுகிறார், மறுபக்கம் வான்காரர் அட்டை பிடிக்கிறார்.

தனி வான் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேருந்து நாலைந்து ரிசோர்ட்டுகளில் ஆட்களை இறக்கிக்கொண்டு போகும். உங்கள் ரிசோர்ட் வழியின் கடைசியில் இருந்தால், மடியில் குழந்தையோ பக்கத்தில் முழங்கால் வலியோடு அம்மாவோ இருந்தால், தனி வான் காசுக்குத் தகும். புன்டா கானாவில் கேப் கானா போல விமான நிலையத்திலிருந்து கால் மணி நேரத் தூரத்தில் தங்குகிற இளம் தம்பதிக்கு அது வீண் செலவு.

தீவு சின்னதுதானே என்ற நினைப்பு

படிவத்தில் எந்த விமான நிலையம் என்று கேட்கும். ரிசோர்ட்டுக்குக் கிட்ட உள்ளதைத் தெரிவு செய்துவிட்டுப் போவார்கள். நீங்கள் இறங்குவது எங்கே என்பதைச் சீட்டைப் பார்த்து எழுத வேண்டும்.

சென் லூசியாவை எடுங்கள். ரிசோர்ட்டுகள் நிறைந்த ரொட்னி பே வட முனையில் இருக்கிறது. அதற்குக் கிட்டவே, தலைநகர் காஸ்ட்ரீஸில், ஜோர்ஜ் சார்ள்ஸ் விமான நிலையமும் இருக்கிறது. ஆனால் அங்கே இறங்குபவை பக்கத்துத் தீவுகளிலிருந்து வரும் சிறிய விமானங்கள். ரொறன்ரோ விமானம் இறங்குவது தென் முனையில் வியூ ஃபோர்ட்டில் உள்ள ஹிவனோராவில். இரண்டுக்கும் இடையில் மலைச்சாலை, வளைவுக்கு மேல் வளைவு, ஒன்றரை மணி நேரம். வான் வடக்கில் காத்து நிற்க, குடும்பம் தெற்கில் வெயிலில் நிற்கும். வாந்தி வருகிற பிள்ளைகள் இருந்தால் அந்தச் சாலைக்கென்று மாத்திரை வைத்திருங்கள், அது தனிக் கதை.

மெக்சிக்கோவின் கரீபியன் கரையில் இது புதிய தொல்லை. துலூமுக்கு முன்பெல்லாம் கன்கூனில் இறங்கி இரண்டு மணி நேரம் வரை ஓட வேண்டும். 2023 டிசம்பரில் துலூமுக்கே ஒரு விமான நிலையம் திறந்தார்கள். இப்போது மலிவாகக் கிடைத்த துலூம் சீட்டை எடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் கன்கூனிலிருந்து வான் போடுகிறார்கள்.

டொமினிக்கன் குடியரசில் புன்டா கானா கிழக்கில், புவேர்ட்டோ பிளாட்டா வடக்கில். சீட்டு மலிவு என்று மற்றதில் இறங்கினால் அரை நாள் சாலையில் போகும், மிச்சம் பிடித்த காசு வான்காரருக்குப் போகும். டொமினிக்கா வேறு நாடு. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து வரும்.

ஹோட்டல் பெயரில் பாதி

ஒரே நிறுவனத்துக்கு ஜமேக்காவில் மட்டும் மொண்டீகோ பே, நெக்ரில், ஓச்சோ ரியோஸ் மூன்று ஊரிலும் ஹோட்டல் இருக்கலாம். ரியூ அப்படித்தான். டொமினிக்கனில் பாகியா பிரின்சிபே என்று மட்டும் எழுதினால் புன்டா கானாவா, லா ரோமானாவா, சமனாவா என்று கேட்க வேண்டும். படிவம் கேட்காது. பட்டியலில் முதலில் நிற்பதை எடுத்துக்கொள்ளும். முழுப் பெயரையும் ஊரையும் எழுதுங்கள்.

முதல் விமானத்தின் இலக்கம்

மயாமியில் மாறிப் போகிறீர்கள் என்றால், வான்காரருக்கு வேண்டியது மயாமியிலிருந்து வரும் விமானத்தின் இலக்கம். ரொறன்ரோவில் ஏறும் விமானத்தின் இலக்கத்தைக் கொடுத்தால் அவர் பார்த்துக்கொண்டிருப்பது மயாமியில் தரையிறங்கிய விமானத்தை. அங்கே நீங்கள் நாலு மணி நேரம் தாமதித்தாலும் அவருக்குத் தெரியாது.

திரும்பும் நேரப் பெட்டி

எனக்கு இன்னும் கோபம் வருகிற பிழை இதுதான். போகும்போது வான் தவறினால் ஒரு மணி நேர வெயிலும் ஒரு டாக்சிக் காசும்தான் நட்டம். திரும்பும்போது தவறினால் விமானம் போய்விடும். ஆனாலும் படிவத்தில் போகும் பகுதியைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு நிரப்புகிறவர்கள், திரும்பும் பகுதிக்கு வந்ததும் சீட்டில் உள்ள நேரத்தைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டு அடுத்த பொத்தானை அழுத்துகிறார்கள்.

சில நிறுவனங்கள் விமானம் புறப்படும் நேரத்தைக் கேட்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வானை எத்தனை மணிக்கு அனுப்புவது என்று அவர்களே முடிவு செய்வார்கள். சில நிறுவனங்கள் உங்களை ஏற்ற வேண்டிய நேரத்தைக் கேட்கும். இரண்டு படிவங்களும் பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். அந்தப் பெட்டிக்கு மேல் உள்ள சொல்லை யாரும் வாசிப்பதில்லை.

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். புன்டா கானாவுக்கு வடக்கே உவேரோ ஆல்டோவில் ரிசோர்ட். மற்றதெல்லாம் நான் செய்து கொடுத்தேன்; வானை மட்டும் தானே மலிவாகப் பிடிப்பதாகச் சொல்லிவிட்டார் அந்தக் கணவர். திரும்பும் விமானம் பிற்பகல் 2:45. அந்த நாள் பன்னிரண்டரைக்கு எனக்கு அழைப்பு.

“அக்கா, வான்காரன் வரேல்லை. காசை வாங்கிப்போட்டு ஏமாத்திப்போட்டான்.”

“தம்பி, முதல்ல மெயிலைத் திறந்து பாருங்கோ. எத்தனை மணிக்கு வாறன் எண்டு போட்டிருக்கு?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “2:45 எண்டு கிடக்கு. அது பிளைட் டைம் தானே அக்கா?”

“அந்த டைமைத்தானே நீங்கள் வான்காரனுக்குக் குடுத்திருக்கிறியள்.”

ரிசோர்ட்டில் டாக்சி கூப்பிட்டு, அது வந்து, பெட்டி ஏற்றி, முக்கால் மணி நேரம் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூடியிருந்தது. சர்வதேச விமானங்களுக்குப் பொதுவாகப் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். மார்ச் விடுமுறை, அடுத்த நாள் விமானத்தில் ஐந்து இடம் சேர்ந்து இல்லை. மேலதிக இரவுகள், ஐந்து ஒருவழிச் சீட்டுகள். காப்புறுதிக்காரர் கைவிரித்தார்: விமானம் தாமதமில்லை, வண்டி பழுதில்லை, நேரத்தைப் பிழையாக எழுதியது நீங்கள். வான் நிறுவனத்தையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் சொன்ன நேரத்துக்கு, 2:45க்கு, சரியாக வந்து நின்றார்களாம்.

பாக்கேஜ் பேருந்தில் போய் வந்து பழகியவர்களே அதிகமாக இதில் மாட்டுகிறார்கள். அங்கே எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்பதை நிறுவனத்தின் ஆள் கணக்குப் போட்டு, லொபிப் பலகையிலோ செயலியிலோ போட்டுவிடுவார். அந்தக் கணக்கை யாரோ ஒருவர் போடுகிறார் என்பதே கண்ணில் படாது. தனி வானில் அந்த ஆள் நீங்கள்தான்.

கணக்கு இப்படி. விமானம் 2:45. விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்பே நிற்க வேண்டும், அதாவது 11:45. உவேரோ ஆல்டோவிலிருந்து சாலை சும்மா கிடந்தால் முக்கால் மணி நேரம், லொறி குறுக்கிட்டால் இன்னும் கால் மணி நேரம். பெட்டி ஏற்றவும் மாமி குளியலறையிலிருந்து வரவும் கால் மணி நேரம். 10:30க்கு வான் வாசலில் நிற்க வேண்டும். நெக்ரிலிலிருந்து மொண்டீகோ பேக்கு என்றால் சாலைக்கே ஒன்றரை மணி நேரம் போடுங்கள். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானமென்றால் திகதியையும் பாருங்கள்: வெள்ளி 12:40 என்று சீட்டில் இருந்தால், வான் வர வேண்டியது வியாழன் இரவு.

நேரத்தைச் சரியாக எழுதியவர்களையும் கடிகாரம் கவிழ்க்கும். டொமினிக்கன் குடியரசு ஆண்டு முழுதும் கிரீனிச் நேரத்துக்கு 4 மணி பின்னால் நிற்கிறது, மாற்றுவதில்லை. ரொறன்ரோ குளிர்காலத்தில் 5 மணி பின்னால். ரோமிங் காசுக்குப் பயந்து வாரம் முழுக்க விமானப் பயன்முறையிலேயே வைத்திருக்கும் போன், பல நேரம் ரொறன்ரோ நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். கடற்கரையில் கிடக்கிறவருக்கு ஒரு மணி நேரம் எதற்கு? கடைசி நாள்தான் உறைக்கும். வான் 10:30க்கு வந்து நிற்கிறது, உங்கள் போனில் 9:30, நீங்கள் இன்னும் காலைச் சாப்பாட்டு வரிசையில். காத்திருக்கும் அவகாசம் முடிந்ததும் ஓட்டுநர் அடுத்த ஆளை ஏற்றப் போய்விடுவார்.

மார்ச்சில் இன்னும் ஒரு முடிச்சு. மார்ச்சின் இரண்டாவது ஞாயிறு ஒன்ராறியோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். 2025இல் அது மார்ச் 9, ஒன்ராறியோ பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முதல் நாள். சனிக்கிழமை போய் இறங்கியவர்களுக்கு ரொறன்ரோவும் புன்டா கானாவும் ஒரு மணி நேரம் வேறு; ஞாயிறு விடிந்தால் இரண்டும் ஒன்று. ஜமேக்காவிலும் கன்கூனிலும் இது தலைகீழ். இரண்டும் ஆண்டு முழுதும் 5 மணி பின்னால். கன்கூன் 2015இலிருந்து அப்படி. குளிர்காலத்தில் ரொறன்ரோவோடு ஒத்துப்போகும், கோடையில் ஒரு மணி நேரம் பின்தங்கும். அங்கே போன் ஏமாற்றினால் முன்னதாகவே வந்து லொபியில் தூங்குவீர்கள், கேடில்லை. சீட்டில் புறப்படும் நேரம் என்று அச்சிட்டிருப்பது எப்போதும் புறப்படும் ஊரின் நேரம். அதை ரொறன்ரோ நேரத்துக்கு மாற்றிக் கணக்குப் போடப் போகாதீர்கள்.

ஆகவே நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான். புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, வான் நிறுவனத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி: நாளை எத்தனை மணிக்கு, எந்த லொபியில். பெரிய ரிசோர்ட்டுகளில் ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று லொபி இருக்கும், அவற்றுக்கிடையே ஓடுவதற்குக் குட்டி வண்டி வேண்டும். அவர்கள் பதிலில் எழுதும் நேரத்தை வரவேற்பு மேசைக்குப் பின்னால் உள்ள கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். போனோடு அல்ல. வாசல் காவலர் வெளி வாகனத்தை உள்ளே விடுவாரா, பெயர் முன்கூட்டியே கொடுக்க வேண்டுமா என்பதையும் அந்த மேசையிலேயே கேட்டுவிடலாம்.

கன்கூன் வாசலில் உங்களை அழைக்கும் அன்பர்

சுங்கம் தாண்டியதும் ஒரு கூடம். இரண்டு பக்கமும் மேசைகள், அடையாள அட்டை தொங்கும் சீருடை ஆட்கள். “எந்த ஹோட்டல்? உங்கள் வான் எங்கே நிற்கிறதென்று பார்த்துச் சொல்கிறேன்” என்பார்கள். அவர்கள் விற்பது விடுமுறை வீட்டுப் பங்கு, டைம்ஷேர் என்பார்களே, அது. உங்கள் பதிவைக் காணவில்லை என்று சொல்லி உட்கார வைத்துவிட்டால் அரை மணி நேரம் போகும். உண்மையான ஓட்டுநர்கள் கட்டடத்துக்கு வெளியேதான் நிற்பார்கள். எந்த முனையத்தில் இறங்குகிறீர்கள், வெளியே எந்த இடத்தில் அட்டையோடு நிற்பார் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, கூடத்தில் யார் முகத்தையும் பாராமல் நடந்து வெளியே போங்கள்.

ஜமேக்காவில் வெள்ளைத் தகடு

உரிமம் பெற்ற பயணிகள் வாகனத்துக்கு இலக்கத்தகடு சிவப்பு. இல்லையென்றால் ஏறாதீர்கள்.

ஆளை எண்ணி, பெட்டியை மறப்பது

ஏழு பேர் அமரலாம் என்றால் ஏழு பேரும் அவர்கள் பெட்டிகளும் அடங்கும் என்று அர்த்தமில்லை. கல்யாணக்காரர்கள் கூறைப்பெட்டியையும் சேர்த்து எண்ணுங்கள்.

குழந்தை இருக்கை

கேட்டால் வரும். கேட்காவிட்டால் வராது.

கனடாக் குற்றிகள்

ஓட்டுநருக்குப் பணம் கொடுக்க நினைத்தால் ஒன்று, ஐந்து அமெரிக்க டொலர் நோட்டுகளாக வைத்திருங்கள். நம்மவர் சிலர் பையைத் துழாவி ஒரு டொலர், இரண்டு டொலர் கனடா நாணயக் குற்றிகளை அள்ளிக் கொடுத்துவிட்டுப் பெருமையோடு இறங்குவார்கள். வெளிநாட்டுக் குற்றிகளை அங்கே வங்கி மாற்றித் தராது. அவற்றை அவர் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, நாடு திரும்பும் கனடாக்காரர் எவரிடமாவது கெஞ்சி நோட்டாக மாற்ற வேண்டும்.