பக்தரே வாரும்: தோட்டத்து கொயருக்கு ஒரு டெஸ்கன்ட் எழுதுவது எப்படி

நவம்பர் பிறந்தால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கொயர், அதாவது தேவாலயப் பாடகர் குழு, பழகத் தொடங்கும். செவ்வாய், வெள்ளி இரவு எட்டு மணி. பாதிப் பேர் விடிகாலையில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்க) எழ வேண்டியவர்கள், மீதிப் பேர் ஃபாக்டரி பஸ் பிடிப்பவர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் யாரையும் பிடித்து வைக்க முடியாது. அந்த நேரத்துக்குள் ஒரு டெஸ்கன்ட் எப்படி உருவாக்குவது என்று மற்ற சபைகளிலிருந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டெஸ்கன்ட் என்றால், சபை மெட்டைப் பாடும்போது அதற்கு மேலே சோப்ரானோக்கள், அதாவது உச்சக் குரல் பாடும் பெண்கள், பாடும் தனி மெட்டு. எனக்கு அதைக் கற்றுத் தந்தது ஒரு பச்சை அட்டைப் புத்தகம். 1961இல் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாடல் தொகுப்பு அது. ரெஜினால்ட் ஜாக்ஸும் டேவிட் வில்காக்ஸும் தொகுத்தது. அப்பா ஈப்போவிலிருந்து வாங்கி வந்தார். பதினாறு வயதில் அதைத் திறந்தேன், இன்னும் மூடவில்லை.

வில்காக்ஸ் 1919இல் கார்ன்வாலில் பிறந்தவர். சிறுவனாக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பாடினார். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியின் 112ஆம் குன்றில் காட்டிய துணிச்சலுக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றபோது அவருக்கு வயது 24. சால்ஸ்பரி, வூஸ்டர் கதீட்ரல்களில் ஆர்கன் வாசித்துவிட்டு, 1957 முதல் 1974 வரை கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி கொயரை நடத்தினார். 1960 முதல் 1998 வரை லண்டன் பாக் கொயரும் அவர் கையில்தான் இருந்தது. 2015இல் மறைந்தார். நம்மிடம் அவர் விட்டுப்போனது அந்த டெஸ்கன்ட்கள்.

'பக்தரே வாரும்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டின் ஆங்கில வடிவத்துக்கு அவர் செய்த அமைப்பைப் பாருங்கள். தொடக்கச் சரணங்களில் டெஸ்கன்ட் கிடையாது. தேவதூதர் பாடும் சரணம் வந்த பிறகுதான் மேல் குரல் எழும்புகிறது. அதற்கடுத்த கடைசிச் சரணத்தில் எல்லாரும் ஒரே மெட்டுக்குத் திரும்புகிறார்கள், மாறுவது ஆர்கனின் கோர்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மட்டும். சபை முதலில் தன் பாட்டைத் தானே பாடி ருசிக்க வேண்டும் என்ற மரியாதை அதில் இருக்கிறது. ஒரு வருஷம் நான் இரண்டாம் சரணத்திலேயே டெஸ்கன்ட்டைப் புகுத்தினேன். சபை பாடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது: சபை வாயை மூட வைக்கும் டெஸ்கன்ட் கச்சேரிக்கு உரியது, ஆராதனைக்கு அல்ல.

சரி, எழுதத் தொடங்குவோம். மெட்டை ஸோல்ஃபாவில், அதாவது டோ ரே மி எழுத்தில், எழுதிக்கொள்ளுங்கள்: டோ டோ, கீழ் ஸோ, டோ ரே, கீழ் ஸோ. மெட்டு கீழே இறங்குகிறது. எனவே மேல் ஸோவைப் பிடித்து நில்லுங்கள். டோ கோர்டிலும் ஸோ கோர்டிலும் ஸோ இருப்பதால் அந்த ஒரே ஸ்வரம் முழு அடிக்கும் பொருந்தும். மெட்டு அசையும்போது டெஸ்கன்ட் நிற்கட்டும், மெட்டு நிற்கும்போது அசையட்டும். மெட்டு இறங்கினால் இது ஏறட்டும். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் முக்கால் வேலை முடிந்தது. பல்லவியில் ஒரே அழைப்பு மூன்று முறை வருகிறது அல்லவா? முதல் முறை சும்மா இருங்கள், இரண்டாவதில் மெதுவாக நுழையுங்கள், மூன்றாவதில் மேல் டோவைத் தொடுங்கள். புத்தகத்தில் பாட்டு ஜி சுருதியில் இருக்கும். எங்கள் பெண்களுக்கு அது உயரம், எஃப்புக்கு இறக்கிவிடுவேன். தொண்டை இறுகிப் பாடும் ஜியைவிட மலர்ந்து பாடும் எஃப் மேல்.

வார்த்தைதான் பெரிய சங்கதி. ஆங்கிலப் புத்தகம் இதைச் சொல்லித் தராது. தமிழில் குறிலை இழுத்தால் நெடிலாகி, வேறு வார்த்தையாகிவிடும். 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடும். அதனால் நீண்ட ஸ்வரத்தில் நெடிலை வையுங்கள், அதிலும் ஆகாரம் இருந்தால் நல்லது. 'பாலன்' என்ற சொல்லில் 'பா' மேலே அழகாக நிற்கும். 'பக்தர்' என்பதில் 'பக்' நிற்காது, க் அடைத்துவிடும். உச்சத்தில் ஈகாரம் வந்தால் குரல் கூர்மையாகிக் குத்தும். சபை பாடும் சொற்கள் எல்லாம் டெஸ்கன்ட்டுக்குத் தேவையில்லை. ஓர் அடிக்கு மூன்று நான்கு சொல் போதும்.

கிங்ஸ் சாப்பலின் கல் கூரைக்குக் கீழே ஒரு கோர்டு முடிந்த பிறகும் சில விநாடி மிதக்கும். நம் தலைக்கு மேலே இருப்பது துத்தநாகத் தகடு. மழை பிடித்தால் பியானோகூடக் கேட்காது. மூச்சு வாங்கிய இடமெல்லாம் ஓட்டையாகத் தெரியும். அதனால் ஐந்து சோப்ரானோக்களும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக் கூடாது. யார் எந்தச் சொல்லுக்குப் பின் வாங்குவது என்று அவரவர் தாளில் பென்சிலால் குறித்துவிடுவேன். மெய்யெழுத்தையும் எல்லாரும் ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும். 'வாரும்' என்பதன் 'ம்' ஐந்து தடவை கேட்டால் அசிங்கம்.

பழகும் முறை: முதல் இரண்டு வாரம் டெஸ்கன்ட் பாடுகிறவர்களும் மெட்டையே பாடட்டும். மூன்றாம் வாரம் டெஸ்கன்ட்டைத் தனியாக, வார்த்தையின்றி 'லா'வில் சொல்லிக்கொடுங்கள். நான்காம் வாரம் இரண்டையும் சேருங்கள். இங்கிலாந்துக் கதீட்ரல் கொயர்களில், தப்புப் பாடிய பையன் தானே கை தூக்குவான். 'தெரியும், அடுத்த முறை சரியாகப் பாடுவேன்' என்று அதற்கு அர்த்தம். நடத்துனர் பாட்டை நிறுத்த வேண்டியதில்லை. இதை எங்கள் கொயருக்குக் கொண்டுவந்தபோது பெரியவர்கள் கூச்சப்பட்டார்கள். பிறகு பாஸ் என்ற கீழ்க்குரல் பாடும் தண்டல் மாமா முதலில் கை தூக்கினார். அன்றிலிருந்து எல்லாரும் தூக்குகிறார்கள்.

கிறிஸ்துமஸ் இரவு டெஸ்கன்ட் பாடுகிறவர்களை மேடை நடுவில் நிறுத்தாதீர்கள். கீபோர்டுக்குப் பின்னால், ஓரமாக நிற்கட்டும். முந்தின சரணம் முடியும்போது கீபோர்டுக்காரர் அவர்களுக்கு மேல் ஸோவை லேசாகத் தொட்டுக் காட்டட்டும். டெஸ்கன்ட் சரணம் முடிந்ததும் நான் திரும்பி, சபையைப் பார்த்து இரு கைகளையும் உயர்த்துவேன். கடைசிச் சரணம் அவர்களுடையது.