நேர்கோட்டு வரைபுக்கு மூன்று புள்ளி

களுவாஞ்சிக்குடியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். வரைபு என்றதும் ஏழெட்டுப் பெறுமானம் எடுத்து நீளமாக அட்டவணை போட்டுவிடுவார்கள். எக்ஸ், வை இரண்டுக்கும் அடுக்கு 1தான், இரண்டையும் பெருக்கிய உறுப்பும் இல்லை என்றால் வரப்போவது நேர்கோடு. அதற்கு இரண்டு புள்ளி போதும், மூன்றாவது சரிபார்க்க.

ஒரு சட்டி எருமைத் தயிர் 600 ரூபா, ஒரு பை கச்சான் 400 ரூபா, கையில் 2400 ரூபா என்று வைத்துக்கொள்வோம். காசு முழுவதும் செலவாக வேண்டும். தயிர் எக்ஸ் சட்டி, கச்சான் வை பை என்றால்:

600எக்ஸ் + 400வை = 2400

உடனே 200ஆல் வகுத்துவிடுங்கள். 3எக்ஸ் + 2வை = 12. கோடு அதேதான், கணக்கு லேசு.

எக்ஸ் 0 என்றால் வை 6. வை 0 என்றால் எக்ஸ் 4. புள்ளிகள் (0, 6), (4, 0). இந்த இடத்தில்தான் நிறையப் பேர் (0, 6)ஐக் கொண்டுபோய்க் கிடை அச்சில் குறிப்பார்கள். எக்ஸ் 0 என்றால் பக்கவாட்டில் நகரவே இல்லை, நேரே மேலே 6 அலகு. ஆகவே அது வை அச்சில். அப்புறம் எக்ஸ் 2 என்று போடுங்கள், வை 3 வரும். அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே கோட்டில் இல்லையென்றால் கோடு கீற வேண்டாம், கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

அளவிடையைப் புள்ளிகள் கிடைத்த பிறகே தீர்மானியுங்கள். 2 சென்ரிமீற்றருக்கு 1 அலகு எடுத்தால் இந்த வரைபு 12 சென்ரிமீற்றர் உயரத்தில் அடங்கும். பென்சில் கூராக இருக்கட்டும்.

வெறும் சமன்பாடாகக் கேட்டால் கோட்டை இரு பக்கமும் அச்சுகளைத் தாண்டி நீட்டுங்கள். தயிர்க் கணக்கில் அப்படி நீட்ட முடியாது; மறை எண்ணிக்கையில் சட்டி வாங்க வழியில்லை. எக்ஸ் 1 என்றால் வை 4.5. கடைக்காரர் அரைப் பை தரமாட்டார், எனவே வாங்கக்கூடியது நாம் குறித்த அந்த மூன்று புள்ளிகளில் மட்டும்தான்!

படித்திறன், அதாவது கோட்டின் சரிவு, கேட்டால் கோட்டிலேயே எண்ணலாம்: வலப்பக்கம் 2 போக 3 இறங்குகிறது, ஆகவே −3/2.

வை = 2எக்ஸ் போன்றவை உற்பத்தி, அதாவது அச்சுகள் சந்திக்கும் (0, 0) புள்ளி, வழியே போகும். இரண்டு அச்சையும் ஒரே புள்ளியில் வெட்டுவதால் எக்ஸுக்கு வேறு பெறுமானங்கள் கொடுக்க வேண்டும். 2எக்ஸ் + 3வை = 7 என்றால் 0 போட்டுப் பின்னத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். எக்ஸுக்கு −1, 2, 5 போடுங்கள். வை 3, 1, −1 என்று முழு எண்ணாகவே வரும்.