'நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்' படத்தை இத்தாலிய டப்பிங்கில் பார்ப்பது எப்படி?

ஹென்றி செலிக் இயக்கி 1993-இல் வந்த இந்த பொம்மை அனிமேஷன் படம், இத்தாலியம் கற்கத் தொடங்கியவர்களுக்குத் தோதானது. 76 நிமிடம்தான். ஆங்கிலத்தில் நாயகன் ஜாக்குக்குப் பேச்சுக்குரல் கிறிஸ் சரண்டன், பாட்டுக்குரல் டேனி எல்ஃப்மன். இத்தாலியத்தில் இரண்டுமே பாப் பாடகர் ரெனாட்டோ ஜீரோவின் குரல். பாட்டுகளும் இத்தாலியத்திலேயே இருப்பதால் நடுவில் மொழி தாவாது.

1. இத்தாலிய ஒலித்தடம் இருக்கிறதா?

ஓடிடியில் பலரும் சறுக்குவது இங்கேதான். புரொஃபைல் மொழியை இத்தாலியமாக மாற்றினால் மெனு மாறும். படத்தின் ஒலி மாறும் என்று நம்ப முடியாது. படத்தை ஓடவிட்டு, திரையில் வரும் ஆடியோ–சப்டைட்டில் குறியைத் தொட்டு, 'இத்தாலியானோ' இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே படத்துக்கும் நாட்டுக்கு நாடு மொழிப் பட்டியல் வேறுபடும். இல்லையென்றால் டிஸ்க்தான் வழி.

2. டிஸ்க் வாங்கும்போது

பின்னட்டையில் 'லிங்குவே' என்ற தலைப்பின் கீழ் ஒலி மொழிகளும், 'சொட்டோதித்தோலி' என்பதன் கீழ் சப்டைட்டில் மொழிகளும் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

டிவிடி எந்த நாடுகளில் ஓடும் என்பதைக் காட்டும் எண்தான் ரீஜன். இத்தாலியில் விற்கும் டிவிடி ரீஜன் 2. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது ரீஜன் 5. ரீஜன் பூட்டு உள்ள பிளேயரில் டிஸ்க் ஓடாது. கணினி டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்றலாம். ஐந்தாவதாக வைத்ததே நிலைத்துவிடும். அவசரப்பட்டு மாற்றிப் பார்க்க வேண்டாம். புளூ-ரேயில் இத்தாலி ரீஜன் பி (B), இந்தியா சி (C). ஆனால் பூட்டே இல்லாத புளூ-ரேக்களும் உண்டு, அட்டையைப் படியுங்கள்.

இரண்டும் கிடைத்தால் புளூ-ரேயை எடுங்கள். காரணம் படத்தின் தெளிவு மட்டுமல்ல. ஐரோப்பிய டிவிடி 'பால்' முறையில் நொடிக்கு 25 பிரேம் ஓடும். படமோ 24 பிரேமில் எடுத்தது. அதனால் 4 சதவீதம் வேகமாகி, 76 நிமிடப் படம் சுமார் 73 நிமிடத்தில் முடியும். பல டிவிடிகளில் குரலின் சுருதியும் அரைச்சுரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு ஏறிவிடும். பேச்சில் தெரியாது, பாட்டில் தெரியும்.

3. வி.எல்.சி.யில் (கணினியில் படம் ஓட்டும் மென்பொருள்) அமைப்பது

டிஸ்க் மெனுவில் இத்தாலியம் தேர்ந்தும் படம் ஆங்கிலத்தில் தொடங்கினால், 'பி' (b) விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒலித்தடம் மாறும். 'வி' (v) விசை சப்டைட்டிலுக்கு. இடது சதுர அடைப்புக்குறி விசையை ஒருமுறை தட்டினால் வேகம் 0.9 ஆகும், சுருதி குலையாது. அதற்குமேல் குறைத்தால் சொற்கள் இழுபடும். கேட்டுப் பழகுவதற்கு உதவாது.

இசை அதிர, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் டப்பிங்கைக் குறை சொல்லாதீர்கள். பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும்; உங்கள் டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். பிளேயரின் ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கோ பி.சி.எம்.முக்கோ மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

4. சப்டைட்டில்

திரையில் வரும் இத்தாலிய எழுத்தும் காதில் விழும் இத்தாலியமும் பல இடங்களில் ஒத்துப்போகாது. டப்பிங் வசனம் வாயசைவுக்கு ஏற்ப எழுதப்படுகிறது; சப்டைட்டில் மூல ஆங்கிலத்திலிருந்து சுருக்கிப் பெயர்க்கப்படுகிறது. பட்டியலில் 'பெர் நோன் உதெந்தி' (காது கேளாதோருக்கானது) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அதுதான் பேசும் வசனத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

5. பார்க்கும் முறை

முதலில் கதை புரிய, தெரிந்த மொழியில் ஒருமுறை முழுதாகப் பாருங்கள். பிறகு இத்தாலிய ஒலியில், ஜாக் கிறிஸ்மஸ் ஊருக்குள் விழுந்து 'கோஸே?' என்று பாடும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். 'இது என்ன?' என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். அவன் பார்த்து வியக்கும் பொருள் திரையிலேயே இருக்கும். சப்டைட்டில் இல்லாமல் ஒருமுறை, அதோடு ஒருமுறை, மறுபடி இல்லாமல். தொடக்கத்தில் வரும் ஹாலோவீன் (பேய் வேடமிட்டுக் கொண்டாடும் விழா) பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல குரல்கள் மாறி மாறி வரும் கூட்டுப்பாட்டு அது, பிடிபட நாளாகும்.

மெய்யெழுத்து இரட்டிப்பதில் தமிழ்க் காதுக்கு ஒரு வசதி உண்டு. 'பாலா' மண்வாரி, 'பல்லா' பந்து. பலியும் பல்லியும் வேறென்று அறிந்தவருக்கு இது கடினமே இல்லை.

'பப்போ நக்கேலே' என்று கேட்டால் அகராதியைத் தேட வேண்டாம். கிறிஸ்மஸ் தாத்தாவின் இத்தாலியப் பெயரான 'பப்போ நத்தாலே'யை ஜாக்கின் ஹாலோவீன் ஊர்க்காரர்கள் தப்பாக உச்சரிப்பதாக வைத்த வேடிக்கை அது. ஜாக்கின் குடும்பப் பெயரும் இத்தாலிய டப்பிங்கில் 'ஸ்கெலெட்ரோன்' ஆகியிருக்கும்.