ஆடு இருமினால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும். இரண்டிலும் கொட்டில் காயாது, இருமலும் ஓயாது. புதிதாக ஆடு வளர்ப்பவர்கள் சத்தம் கேட்டதுமே கஷாயம் காய்ச்சி வாயில் ஊற்றிவிடுகிறார்கள். பொறுங்கள், முதலில் ஆட்டைப் பாருங்கள்.

1. எப்போது இருமுகிறது? தவிடு தின்னும்போது மட்டும் செருமினால் பெரும்பாலும் தூசிதான். நீர் தெளித்துப் பிசறி வையுங்கள். படுத்திருக்கும்போதும் இருமி, மூக்கில் மஞ்சள் சளி ஒழுகி, பலாக்குழையைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் அது நோய்.

2. ஆடு நிழலில் அமைதியாக நிற்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 முதல் 30 வரை இயல்பு. குட்டிக்குச் சற்றுக் கூடும். பிறகு தெர்மாமீட்டர் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் காய்ச்சல். அதோடு மூச்சும் இரைத்தால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஆன்டிபயாடிக்கை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், அவர் சொன்ன நாளுக்கு முன் நிறுத்தவும் வேண்டாம். காய்ச்சல் இல்லாமல் வாரக்கணக்கில் இருமி மெலிந்தால் நுரையீரல் புழுவாக இருக்கலாம். புழுக்கை பரிசோதனைக்குக் கொடுங்கள்.

3. இருமும் ஆட்டைத் தனியே கட்டுங்கள். பிறகு கொட்டிலில் குந்தி உட்கார்ந்து, ஆட்டின் மூக்கு மட்டத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். மூத்திர நெடியில் உங்கள் கண் எரிந்தால், அந்தக் காற்றைத்தான் இரவெல்லாம் அது சுவாசிக்கிறது. தரையைக் கூட்டிக் காயவையுங்கள். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடாதீர்கள்; சாரலைத் தடுத்தால் போதும், மேலே காற்றுப் போக வழி வேண்டும்.

4. மருந்து ஊற்றும் முறையில்தான் பல ஆடுகள் சாகின்றன. தலையை அண்ணாந்து பிடித்தால் மருந்து மூச்சுக்குழலில் இறங்கி, இல்லாத நிமோனியாவையும் வரவழைக்கும். மூக்கு கண்ணுக்கு மேலே போகக் கூடாது. நாக்கை இழுக்காதீர்கள். வாயின் ஓரமாக ஊசியில்லாத சிரிஞ்சை நுழைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். விழுங்கிய பிறகு அடுத்தது. புரையேறினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். மூச்சிரைக்கும் ஆட்டுக்கு வாயில் எதையும் ஊற்றவே வேண்டாம், துளசிக் கஷாயமானாலும் சரி.

இருமலோடு வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்தால் ஆட்டுக்கொல்லி நோயைச் சந்தேகியுங்கள். மந்தைக்கே பரவும், நோய் கண்ட ஆட்டைச் சந்தைக்கு ஓட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்று மாதம் கடந்த குட்டிகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடலாம்.